ஞாயிறு உலாவுக்கு ரொட்டி போதும்

கன்னேரிக் குகைகளுக்கு நாங்கள் குடும்பத்தோடு நான்கு முறை போயிருக்கிறோம். மும்பைவாசிகளுக்கு விவரம் சொல்லத் தேவையில்லை. போரிவிலி தேசியப் பூங்காவின் வாசலில் இருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, கரும்பாறையைக் குடைந்து செய்த பௌத்தக் குகைகள். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மூன்றாம் எண் குகைதான் பெரியது. இருபுறமும் தூண்கள் வரிசையாக நிற்க, கடைசியில் தூபி இருக்கிறது. அந்தக் குகையை என் மனைவி பார்த்தது நான்காவது முறை போனபோதுதான்.

முதல் மூன்று முறையும் அவள் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். புளியோதரைப் பாத்திரம், தயிர்சாதத் தூக்கு, உருளைக்கிழங்கு வறுவல் டப்பா, தட்டுகள், கரண்டி, தண்ணீர்க் குடம், இவ்வளவுக்கும் காவல். குரங்குகள் நடமாடும் இடமாதலால் யாராவது ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நாங்கள் ஒரு தடவைகூடப் பேசி முடிவு செய்ததில்லை. பேசாமலே முடிவாகியிருந்தது.

அது மட்டுமா? ஞாயிறு உலாவுக்குச் சனிக்கிழமை மாலையே அவளுக்கு வேலை தொடங்கிவிடும். புளிக்காய்ச்சல் அன்றைக்கே ஆகிவிடும். மறுநாள் விடிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஆறவைத்து, கிளறி, வறுவல் வறுத்து, ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் பிடித்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஏழு மணி வண்டிக்கு ஓடிவருவாள். குர்லாவில் ஒரு மாற்றம், தாதரில் ஒரு மாற்றம். மெகா பிளாக் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். மரத்தடியில் உட்கார்ந்ததும் அவள் தூங்கிப்போவாள். "அம்மா ஏன் எங்க போனாலும் தூங்குறாங்க?" என்று என் மூத்த மகன் ஒருநாள் கேட்டான். பதில் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும் எண்ணெய்ப் பிசுக்கேறிய அத்தனை பாத்திரமும் அவளுக்காகக் காத்திருக்கும்.

ஆபீசில் ஆறு நாள் உழைத்தவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று போகிற உலா அது. உழைப்பு எங்கே நின்றது, யாருக்கு நின்றது என்று யோசித்தால் நமக்கே வெட்கமாக இருக்கிறது. இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களுடையதும் அல்ல. அன்றைய தினம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர்தான்.

எனவே என் கட்சி இதுதான்: காலையில் போய் மாலையில் திரும்புகிற உலாவுக்குச் சோறு கட்ட வேண்டாம். சாண்ட்விச் கட்டுவோம். அதை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கட்டட்டும்.

காய்ச்சல்காரன் சாப்பாடா?

இதை முதன்முதலில் எங்கள் வீட்டில் செய்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் மேஜைமேல் இருந்த இரண்டு ரொட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, வீட்டுல யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கத்தில் நாம் பிறந்து வளர்ந்த காலத்தில் ரொட்டி என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கிற பண்டம். பாலில் நனைத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு விழுங்குவது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு ரொட்டிப் பொட்டலம் இருக்கும்.

ஆனால் நாம் பிழைக்க வந்த ஊர் ரொட்டியின் ஊர். போர்ச்சுகீசியர் தங்கள் மொழியில் ரொட்டிக்குச் சொன்ன பெயர்தான் இங்கே பாவ் என்று ஆயிற்று. மராத்தியில் உருளைக்கிழங்கைப் பட்டாட்டா என்பதும் அவர்கள் விட்டுப்போன சொல். பச்சை மிளகாயையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. ரொட்டி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கோட்டைப் பகுதியில் வேலை பார்த்த எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். வெண்ணெய் தடவி, பச்சைச் சட்னி பூசி, உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட் என்று வில்லை வில்லையாக அடுக்கி, சாட் மசாலாவைத் தூவி, ஆறு துண்டாக வெட்டிக் காகிதத் தட்டில் தள்ளுவானே தெருவோர சாண்ட்விச்காரன்! மதியச் சாப்பாட்டு டப்பா வராத நாளில் நம்மில் எத்தனை பேருடைய வயிற்றைக் காத்தது அது!

அதே சாண்ட்விச்சை வீட்டில் செய்து எடுத்துப் போனால் ஏன் நன்றாக இருப்பதில்லை? டப்பாவைத் திறந்தால் ரொட்டி ஊறி, களியாகி, தக்காளி வழுக்கி வெளியே விழுகிறது. பிள்ளைகள் தொடமாட்டேன் என்கின்றன. "நான் அப்பவே சொன்னேனே, புளியோதரை கட்டியிருக்கலாம்ல" என்று வீட்டில் பேச்சு வருகிறது. உலாவுக்கு ரொட்டி லாயக்கில்லை என்று ஒரே நாளில் தீர்ப்பாகிவிடுகிறது.

தவறு ரொட்டியுடையது அல்ல. தெருவோரக்காரன் நம் கண்ணெதிரே வெட்டுகிறான். நாம் அங்கேயே நின்று இரண்டு நிமிடத்தில் தின்றுவிடுகிறோம். தக்காளிக்குத் தண்ணீர் விட நேரமே இல்லை. நாமோ விடிகாலை ஐந்து மணிக்கு வெட்டி, உப்பும் தூவி, மூடி வைத்து, பதினொரு மணிக்குத் திறக்கிறோம். வெட்டிய வெள்ளரியில் உப்புப் பட்டால் தண்ணீர் வடியும் என்பது பச்சடி செய்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தத் தண்ணீரெல்லாம் போகிற இடம் ரொட்டிதான்.

தண்ணீருக்கு அணை

ஆகவே முதல் காரியம், தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தை முழுசாகக் கழுவித் துடைத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வது. கூடவே ஒரு சிறு கத்தி, ஒரு சிறு பலகை, பொட்டலத்தில் உப்பும் மிளகுத் தூளும். போய்ச் சேர்ந்த இடத்தில் வெட்டி உள்ளே வைத்துத் தின்றால், தெருவோரக்காரன் கைப்பக்குவம் உங்கள் கைக்கே வந்துவிடும். பிள்ளைகளுக்கும் அது ஒரு விளையாட்டு. பீட்ரூட் வேண்டாம் என்பது என் யோசனை. வெள்ளைச் சட்டையோடு மல்லுக்கட்ட அன்று நேரமில்லை.

இரண்டாவது, வெண்ணெய். பலர் அதை ருசிக்காக நடுவில் ஒரு கீற்றுத் தடவுகிறார்கள். அது போதாது. ரொட்டியின் நான்கு ஓரமும் மூடும்படி தடவ வேண்டும். கொழுப்புப் படிந்த இடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது, வெண்ணெய்தான் அணை. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த கையோடு தடவினால் ரொட்டி கிழியும். இரவே வெளியே எடுத்து வைத்துவிட்டால் காலையில் இழுத்த இழுப்புக்கு வரும். சட்னி, வெண்ணெய்க்கு மேலேதான் வர வேண்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்.

சட்னியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். கொத்துமல்லி, நாலு புதினா இலை, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு. அரைக்கும்போது தண்ணீர் விடக்கூடாது. ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தால் ஒரு கரண்டி பொட்டுக்கடலை போட்டுக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். தேங்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். நம்மவர் கை தன்னால் தேங்காய் மூடியைத் தேடும். அதை அடக்க வேண்டும். 1983-ம் ஆண்டு மே மாதம் எங்கள் சாலில் இருந்து ஐந்து குடும்பங்கள் சேர்ந்து போன பிக்னிக்கில், தேங்காய்ச் சட்னி ஒரு தூக்கு நிறைய வந்தது. பத்து மணிக்கு நன்றாக இருந்தது. ஒரு மணிக்கும் நன்றாகத்தான் இருப்பதாக நினைத்தோம். மாலை வண்டியில் நான்கு பிள்ளைகள் வாந்தி எடுத்தன. அதில் ஒன்று என் இளைய மகள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். சட்னி செய்த அம்மாள் அதன் பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. அவர்மீது என்ன குற்றம்? வெயிலின் கணக்கை நாங்கள் யாருமே போடவில்லை.

அந்தக் கணக்கு சுலபமானதுதான். ஈரப்பசையுள்ள சமைத்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் வரம்பு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. மும்பையில் மே மாதப் பகல் முழுவதும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் இது பொருந்தும். எனவே உருளைக்கிழங்கு வைத்த சாண்ட்விச்சைக் காலைப் பலகாரமாக ரயிலிலேயோ, இறங்கின உடனேயோ முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மிச்சம் வைக்க வேண்டாம். கிழங்கு நன்றாக ஆறிய பிறகே ரொட்டிக்குள் போக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. சூடாக வைத்தால் ஆவி அடித்து, வெண்ணெய் உருகி, அணை உடைந்துபோகும். முட்டை பிரியர்கள் முட்டையை அவித்து, ஓட்டோடு கொண்டுபோய், அங்கே உரித்து வைத்துக்கொள்ளலாம். ஓட்டோடு இருந்தாலும் அதையும் காலைக் கணக்கிலேயே தீர்த்துவிடுங்கள். மேயனைஸ் என்று புட்டியில் விற்கிறார்களே, அதைக் கடையில் வைத்து அழகு பாருங்கள். வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

மதியத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு டப்பா கைகொடுக்கிறது. இட்லி மிளகாய்ப் பொடி! அதை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, நெய் தடவிய ரொட்டியில் பூசி மூடிப் பாருங்கள். அதில் தண்ணீர்ப் பசையே கிடையாது. காலையில் கட்டினது மாலைவரை கெடாது, ஊறாது, ஒழுகாது. காரத்துக்குப் பயந்த பிள்ளைகளுக்கு வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து வைக்கலாம். தெருவோர சாண்ட்விச்காரனுக்குத் தெரியாத இரண்டு வகை இவை. என் பக்கத்து வீட்டு மராத்திக்காரர் ஒருமுறை பொடி சாண்ட்விச்சைத் தின்று பார்த்துவிட்டு, இப்போது ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அந்தப் பொடியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

ரொட்டி வாங்குவதில் பெரிய ரகசியம் இல்லை. சனிக்கிழமை மாலை வாங்கினால் ஞாயிறு காலைக்குக் கையில் பிய்யாமல் நிற்கும். தேதி பார்த்து வாங்குங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் விறைத்துப்போகும், வெளியிலேயே இருக்கட்டும். நான்கு பேருக்கு இரண்டு பெரிய ரொட்டி தாராளம்.

இந்தக் காகிதத்தில் மடிக்காதீர்கள்

கட்டுவதற்குச் செய்தித்தாளை எடுக்கிறார்கள். நான் எழுதும் இந்தப் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன்: ரயிலில் படியுங்கள், புல்தரையில் விரித்து உட்காருங்கள், ரொட்டியை மட்டும் இதில் மடிக்காதீர்கள். அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் எண்ணெயோடும் வெண்ணெயோடும் சேர்ந்து உணவில் இறங்கும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே இதை எச்சரித்தது; 2018-ல் வந்த விதிகளில், உணவுப் பண்டங்களைச் செய்தித்தாளில் பொதிவது தடை செய்யப்பட்டிருக்கிறது. நமக்குத்தான் வாழை இலை இருக்கிறதே! மாட்டுங்காவிலும் தாராவியிலும் கிடைக்காத நாள் இல்லை. தணலில் லேசாக வாட்டினால் மடித்தாலும் கிழியாது. அதில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்கினால், ரயில் கூட்டத்தில் இடிபட்டாலும் ரொட்டி நகராது. அலுமினிய டப்பா வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு அதோடு ஒத்துப்போகாது. பிளாஸ்டிக் பையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மகாராஷ்டிர அரசு 2018-லேயே அதைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் எலிபெண்டாத் தீவின் படிக்கட்டு ஓரங்களில் அது கிடக்கத்தான் செய்கிறது. போட்டவர்களில் நம்மவரும் உண்டு.

டப்பாவின் அருமை மாத்தேரான் போனால் தெரியும். தஸ்தூரி நாக்காவுக்கு மேல் காரும் பஸ்ஸும் போகாது. மழைக்காலத்தில் நேரலில் இருந்து கிளம்பும் சிறு ரயிலும் முழுத் தூரம் ஓடாது. கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தயிர்சாதத் தூக்கோடு அந்தச் செம்மண் பாதையில் ஏறியவர்களைக் கேளுங்கள். இரண்டு டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் தோள்பையில் அடங்கிவிடும். யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. பையை மாட்டிக்கொண்டு எல்லாரும் எல்லா இடமும் பார்க்கலாம். குரங்குகளுக்கு முன்னால் மட்டும் டப்பாவைத் திறக்காதீர்கள். பாவமென்று ஒரு துண்டு போட்டால், அடுத்து வருகிறவர் பையை அது பிடுங்கும்.

இதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். புளியோதரையை நான் பழிக்கவில்லை. புளியும் எண்ணெயும் சேர்ந்து சோற்றை ஒரு பகலும் இரவும் காப்பாற்றும் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர்கள் சாமானியர்கள் அல்லர். பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிரை மட்டும் விட்டு, போய்ச் சேரும்போது பதமாகத் தோய்ந்திருக்கும்படி தயிர்சாதம் கட்டுவதும் பெரிய வித்தைதான். ஊருக்குப் போக ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்காரும்போது அவையே ராஜா. அங்கே ரொட்டி நிற்காது. ஆனால் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஞாயிறுக்கு, ஒருத்தியின் தூக்கத்தை விலையாகக் கொடுத்து அதைச் சாப்பிட வேண்டுமா என்பதுதான் கேள்வி. "எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்புவது நமக்கு வசதி.

நான்காவது முறை கன்னேரி போனபோது நானும் மகனும் ஐந்தரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரத்தில் கட்டி முடித்தோம். அவன் தடவிய வெண்ணெயில் பாதி மேஜைமேல் இருந்தது. என் மனைவி ஆறரை மணிக்கு எழுந்து, குளித்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாம் குகையின் தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மேலே ஏறி, மழைநீரைச் சேர்த்து வைக்க அந்தக் காலத்துப் பிட்சுக்கள் பாறையில் வெட்டிய தொட்டிகளைக் காட்டினோம். அங்கே நெடுநேரம் நின்றாள். "இவங்களுக்கு அஞ்சு மணிக்குக் குழாயடிக்கு ஓட வேண்டாம்" என்றாள்.

பொடி சாண்ட்விச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி இருந்திருக்கலாம் என்றாள்.

வருகிற ஞாயிறு எலிபெண்டா. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. போகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி வாங்குவது மகன் பொறுப்பு, சட்னி என்னுடையது. திரும்பி வந்தபின் டப்பாக்களைக் கழுவுவது யார் என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.